முடிவுக்கு முன்னே கூப்பிடுங்கள்

(முத்துப்பேட்டையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

'அரசுத் திட்டங்களில் குடிமக்களின் பங்கு' என்ற தலைப்பில் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். இந்தத் தலைப்பில் தில்லியைப் பற்றிப் பேசலாம், சென்னையைப் பற்றியும் பேசலாம். நான் முத்துப்பேட்டையைப் பற்றித்தான் பேசப் போகிறேன். இந்த விஷயத்தில் நாட்டுக்கே எடுத்துச் சொல்லத் தக்க அனுபவம் இந்த மண்ணில் இருக்கிறது. அது எங்கோ சுவடியில் இல்லை. படகேறிக் கோரையாற்றின் வழியே கடலை நோக்கிப் போனால் இரு கரையிலும் நிற்கிறதே அலையாத்திக் காடு, அங்கே இருக்கிறது.

அந்தக் காட்டின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

காவிரியின் கடைமடை இது. பாமணியாறு, கோரையாறு, கிளைதாங்கியாறு, மரக்காக்கோரையாறு, வளவனாறு என்று இத்தனை ஆறுகளும் வயல்களுக்குப் பாய்ந்து, வயல்களில் வடிந்து, மிச்சத் தண்ணீரோடு வந்து கடலில் சேரும் இடம். அந்த நன்னீரும் கடலின் உப்புநீரும் கலக்கும் சேற்றில் வளர்ந்தது இந்தக் காடு. ஒரு காலத்தில் தஞ்சையின் சத்திரங்களுக்கு இதன் வருமானம் போனது. பிறகு வெள்ளைக்காரன் ஆட்சி வந்தது. 1937-இல் இது காப்புக்காடாக அறிவிக்கப்பட்டு வனத்துறையின் கைக்குப் போனது. சத்திரம் வைத்திருந்த காலத்திலும் சரி, சர்க்கார் வைத்திருந்த காலத்திலும் சரி, காட்டை விறகாகத்தான் பார்த்தார்கள். 'கூப்பு' என்ற வெட்டுப் பகுதிகளாகப் பிரித்தார்கள். ஒரு கூப்பை அடியோடு வெட்டினார்கள், சில ஆண்டு கழித்து அடுத்த கூப்பை வெட்டினார்கள். வெட்டிய இடம் தானாக முளைத்து வந்துவிடும் என்பது அவர்கள் கணக்கு.

முளைத்து வந்ததா? வரவில்லை. பரப்புப் பரப்பாகக் காடு பொட்டலாயிற்று.

ஏன் பொட்டலாயிற்று என்று கேட்டால், நெடுங்காலம் ஒரே பதில்தான் வந்தது. ஊர்க்காரன் மாட்டை விட்டு மேய்த்தான், ஊர்ப் பெண்கள் விறகு ஒடித்தார்கள், அதனால் அழிந்தது என்றார்கள். நன்றாகக் கவனியுங்கள். கூப்புப் போட்டது அரசாங்கம், குற்றவாளி கடற்கரைக் கிராமத்து ஏழை. குற்றவாளி அவன்தான் என்று முடிவு செய்துவிட்டால் அப்புறம் அவனிடம் என்ன கேட்பது? வேலி போடு, காவல் போடு, வழக்குப் போடு. அவ்வளவுதான் திட்டம்.

1990-களில் இந்தக் கதை திசை மாறியது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் இங்கே வந்தார்கள். சுவாமிநாதன் நம் கும்பகோணத்தில் பிறந்தவர் என்பது உங்களுக்குத் தெரியும். வனத்துறையும் அந்த நிறுவனமும் கிராமத்து மக்களும் ஒரே பாயில் உட்கார்ந்து யோசித்தார்கள். அழிந்த காடுகளை மக்களோடு சேர்ந்து மீட்கலாம் என்று 1990 ஜூன் 1 அன்று மத்திய அரசு ஒரு சுற்றறிக்கை விட்டிருந்தது. மலைக்காட்டையும் புதர்க்காட்டையும் மனத்தில் வைத்து வந்தது அது. அதைச் சேற்றுக்காட்டுக்கும் கொண்டுவந்து பார்த்ததில் முத்துப்பேட்டைக்கு முதல் வரிசையில் இடம் உண்டு.

மண்ணைச் சோதித்தார்கள், மட்டம் பார்த்தார்கள், மக்களிடம் கேட்டார்கள். காரணம் தெரிந்தது. அடியோடு வெட்டியதால் சேறு வெயிலில் காய்ந்தது. காய்ந்த சேறு அமுங்கித் தட்டுப்போலக் குழிந்தது. அந்தக் குழிக்குள் ஓதத்தில் ஏறிய கடல்நீர் திரும்பி வடிய வழியில்லாமல் நின்றது. நின்ற நீர் வற்ற வற்ற உப்பு கூடியது. அந்த உப்பில் அலையாத்திக் கன்றும் பிழைக்காது. மாடு மேயாமல் வேலி கட்டியிருந்தாலும் காடு திரும்பியிருக்காது. இத்தனை காலமும் பழி ஓரிடத்தில், நோய் வேறிடத்தில்!

ஓதம் ஏறி இறங்கும் வாய்க்கால் ஓரத்தில் பச்சை நிற்கும், நீர் தேங்கிய இடத்தில் நிற்காது. வாய்க்கால் வெட்டி மீன் பிடித்துப் பழகிய இந்தப் பகுதி மீனவருக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. விஞ்ஞானி அளந்து சொன்னதும் மீனவர் பார்த்து வைத்திருந்ததும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தன. பிறந்தது மீன்முள் வாய்க்கால். நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், அதை இயற்கை ஓடையோடு இணைப்பது. இரு பக்கமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீனின் முள்ளைப் போலவே இருக்கும். ஓதம் அதில் ஏறும், இறங்கும், உப்பைக் கழுவிக்கொண்டு போகும். வாய்க்கால் கரைச் சரிவில் கன்று நட்டார்கள். நூற்றுக்கணக்கான ஹெக்டேர் பொட்டலில் பச்சை திரும்பியது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது, காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களுக்கு அந்தக் காடும் அரணாக நின்றது.

தொழில்நுட்பத்தின் பெருமையைப் பாடுவதற்காக இதைச் சொல்லவில்லை, நண்பர்களே. வாய்க்கால் வெட்ட மண்வெட்டி போதும். நான் சுட்ட விரும்புவது காலத்தை. மக்களை எப்போது கூப்பிட்டார்கள்? திட்டம் எழுதி முடித்து, பணம் ஒதுக்கி, கல்வெட்டுத் திறக்கும் நாளில் கைதட்டவா கூப்பிட்டார்கள்? இல்லை. என்ன நோய் என்றே தெரியாத நாளில் கூப்பிட்டார்கள். தரையில் கோலப்பொடியால் ஊரின் படத்தை வரையச் சொல்லி, ஓடை எங்கே, மேய்ச்சல் எங்கே, விறகு எங்கே, குடிதண்ணீர் எவ்வளவு தூரம் என்று கேட்டார்கள். ஊருக்கு ஊர் குழு அமைந்தது, பெண்களும் உட்கார்ந்தார்கள். அந்த ஆண்டு என்ன வேலை என்பதைக் குழுவே எழுதியது. காட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஊரின் சாலையையும் தண்ணீரையும் கடனையும் பற்றிப் பேச வேண்டியிருந்தது. பசியோடு இருக்கிறவனிடம் கன்று நடச் சொல்வது நியாயமா?

முடிவுக்கு முன்னே மக்களைக் கூப்பிட வேண்டும். இன்று நான் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான். முடிவுக்குப் பின்னே கூப்பிடுவதற்கு விளம்பரம் என்று பெயர் வைக்கலாம், விழா என்று பெயர் வைக்கலாம், பங்கேற்பு என்று பெயர் வைக்கக் கூடாது.

முடிவுக்கு முன்னே மக்களைக் கூப்பிட நம் சட்டத்தில் இடம் இல்லையா? தாராளமாக இருக்கிறது. 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரல் 24-இல் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இல் வந்தது. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள அத்தனை பேரும் கிராம சபை உறுப்பினர்கள். குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி பிறந்த நாள் என்று நான்கு கூட்டங்கள். 2022-இல் உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22, உள்ளாட்சி நாளான நவம்பர் 1 என இரண்டைச் சேர்த்து ஆறாக்கினார்கள். வேலைகளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை, பயனாளிகளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை, வரவு செலவைப் படிக்கக் கேட்கும் உரிமை எல்லாம் அங்கே உண்டு. ஐந்நூறு பேருக்கு மேல் மூவாயிரம் பேர் வரை உள்ள ஊரில் நூறு பேர் கூடினால்தான் கூட்டம் செல்லும் என்று விதி சொல்கிறது.

இப்போது ஒரு நாளை நினைவுபடுத்துகிறேன். 2018 நவம்பர் 16, கஜா புயல் கரை ஏறிய இரவு. இந்தச் சபையில் அந்த இரவை மறந்தவர் ஒருவரும் இருக்க முடியாது. தென்னை சாய்ந்தது, ஓடு பறந்தது, படகு உடைந்தது, அலையாத்திக் காடே ஒடிந்து கிடந்தது. மறுநாள் காலை ஊருக்கு ஊர் ஒரு கேள்வி எழுந்தது: யாரிடம் போய்ச் சொல்வது? அன்று தமிழ்நாட்டுக் கிராமங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர் ஒருவரும் இல்லை. வார்டு உறுப்பினரும் இல்லை. 2016 அக்டோபரில் அவர்கள் பதவிக்காலம் முடிந்துபோயிற்று. நடக்க வேண்டிய தேர்தல் வழக்கில் நின்றது. தனி அலுவலர்கள் நிர்வாகம். 2019 டிசம்பரில்தான் தேர்தல் நடந்தது. நம் ஊரின் மிகக் கொடிய இரவு, நம் ஊருக்கென்று ஒரு பிரதிநிதி இல்லாத காலத்தில் வந்தது!

அதன் விளைவு என்ன? விழுந்த தென்னை ஒன்றுக்கு 600 ரூபாய், அதை வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாய் என்று அரசு அறிவித்தது. மரத்தை எண்ணுவது யார்? எண்ணிய பட்டியலைச் சரிபார்ப்பது யார்? கோயில் நிலத்திலும் மடத்து நிலத்திலும் குத்தகைக்குப் பயிர் செய்கிறவன் பெயர் பட்டியலில் ஏறுமா? குடிசை இழந்த விவசாயக் கூலித் தொழிலாளிக்கு எந்தப் படிவம்? இந்தக் கேள்விகளை ஊர் கூடிக் கேட்டு, ஊர் முன்னால் பட்டியலைப் படித்து, விட்டுப்போன பெயரைச் சேர்க்க ஒரு சபை வேண்டியிருந்தது. அது உயிரோடு இல்லாத இடங்களில் மக்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். சபையில் பேச வழியிருந்தால் சாலையில் உட்கார வேண்டிய தேவை குறையும். மறியலைக் குறை சொல்கிற அதிகாரிகளுக்கு இதை அன்போடு எடுத்துச் சொல்கிறேன்.

2019 தேர்தலில் பிறந்த ஊராட்சிகளின் காலமும் 2025 ஜனவரியில் முடிந்தது. மறுபடியும் தனி அலுவலர்கள் வந்தார்கள். புயல் தேர்தல் தேதி பார்த்து வருவதில்லை. காலாவதியான அன்றே அடுத்த ஊராட்சி மன்றம் தயாராக இருக்க வேண்டும் என்று கட்சி வேறுபாடு இல்லாமல் நாம் கேட்டாக வேண்டும்.

அடுத்து, கேட்காமல் எடுத்த முடிவு என்ன ஆகும் என்பதற்கு நம் பக்கத்து மன்னார்குடியைப் பார்க்கலாம். 2010-இல் தஞ்சை, திருவாரூர் மாவட்டங்களில் ஏறத்தாழ 690 சதுர கிலோமீட்டர் பரப்பில், நிலக்கரிப் படுகையிலிருந்து மீத்தேன் எடுக்க ஒரு தனியார் நிறுவனத்தோடு ஒப்பந்தம் ஆயிற்று. எந்த ஊரைக் கேட்டார்கள்? எந்த வயல்காரனைக் கேட்டார்கள்? நிலத்தடி நீரை இறைத்து வெளியேற்றினால்தான் அந்த வாயு வரும். நீரை நம்பிப் பிழைக்கிற பூமியில் நீரை வெளியேற்றும் திட்டம். விஷயம் தெரிந்தபோது ஊர்கள் விழித்துக்கொண்டன. இயற்கை வேளாண்மை அறிஞர் நம்மாழ்வார் ஐயா கிராமம் கிராமமாக நடந்தார். அந்தப் பிரச்சாரத்தின் நடுவேதான், 2013 டிசம்பர் 30 அன்று, பட்டுக்கோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அவர் உயிர் பிரிந்தது. 2013-இல் மாநில அரசு நிபுணர் குழு அமைத்தது. 2015-இல் திட்டத்துக்குத் தடை வந்தது. பிறகு 2017-இல் எண்ணெய், எரிவாயுத் திட்டங்களை எதிர்த்து நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் போராட்டம். ஊர்கள் கிராம சபையில் தீர்மானம் போட்டன, பெண்கள் பந்தலில் உட்கார்ந்தார்கள். கடைசியில் 2020 பிப்ரவரியில், தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களும் கடலூர், புதுக்கோட்டையின் சில ஒன்றியங்களும் சேர்ந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த எண்ணெய்க் கிணறுகளை அது தொடவில்லை என்பது என் மனக்குறை. ஆனாலும், வயலில் நின்றவன் குரல் சட்டப் புத்தகத்தில் ஏறியது நம் கண் முன்னே நடந்தது.

பத்து ஆண்டு போராட்டம், ஐயா! எத்தனை வழக்கு, எத்தனை கூலி இழப்பு, எத்தனை இரவு! 2010-இல் ஊரைக் கூட்டி ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இத்தனையும் மிச்சமாகியிருக்கும்.

கேட்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கேட்காமல் இருப்பதும் உண்டு. சுற்றுச்சூழல் அனுமதிக்கு முன் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும் என்பது 1997 முதல் விதி. முப்பது நாள் முன்னறிவிப்பு வேண்டும், திட்டச் சுருக்கம் வட்டார மொழியில் வேண்டும். நடப்பது என்ன? சில இடங்களில் அறிக்கை நூற்றுக்கணக்கான பக்கம் ஆங்கிலத்தில் கிடக்கும், தமிழ்ச் சுருக்கம் நாலு தாளில் வரும். 2020-இல் அந்த விதியையே மாற்ற ஒரு வரைவு வெளியிட்டார்கள். நாடே கருத்துச் சொல்ல வேண்டிய வரைவு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் இருந்தது. அரசியல் சட்டத்தின் எட்டாம் அட்டவணை மொழிகளிலெல்லாம் அதை வெளியிடுங்கள் என்று தில்லி உயர்நீதிமன்றம் சொல்ல வேண்டி வந்தது. அதே ஆண்டு ஜனவரியில், எண்ணெய், எரிவாயுத் தேடலுக்கு இந்தக் கருத்துக்கேட்பே தேவையில்லை என்று ஒரு திருத்தமும் வந்தது. காதைப் பொத்திக்கொள்ளவும் ஓர் அரசாணை இருக்கிறது!

மக்கள் கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு வெளியூர்ச் சான்று இரண்டு. ராஜஸ்தானில் 1994 டிசம்பரில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பு, சர்க்கார் வேலையின் வருகைப் பதிவேட்டை ஊர் நடுவில் வைத்துப் படித்தது. செத்தவன் பெயரில் கூலி போயிருந்தது, கட்டாத கட்டடத்துக்குக் கணக்கு இருந்தது. அந்தக் கூட்டங்களின் வழியே வளர்ந்த கோரிக்கைதான் 2005-இன் தகவல் அறியும் உரிமைச் சட்டம். அதற்கும் எட்டு ஆண்டு முன்னால், 1997-இலேயே, இந்தியாவில் முதல்முதலாக அப்படி ஒரு சட்டம் போட்ட மாநிலம் தமிழ்நாடு. விதிவிலக்குகள் நிறைந்த சட்டம்தான், இருந்தாலும் முதல் சட்டம் நம்முடையது. இன்னொன்று கேரளம். 1996 ஆகஸ்டில் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கி, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காட்டை உள்ளாட்சிகளுக்குக் கொடுத்து, என்ன செய்வது என்று வார்டு மக்களே பேசி முடிவு செய்ய வழி செய்தார்கள். கையில் காசு கொடுத்து யோசிக்கச் சொன்னால் மக்கள் பொறுப்போடு யோசிக்கிறார்கள் என்று அது காட்டியது. காசு இல்லாத சபைக்கு எத்தனை முறை கூட்டம் போட்டாலும் ஆள் வராது.

இனி நம் வயலுக்கே வருகிறேன். மேட்டூரில் ஜூன் 12 திறப்பு என்பது மரபு. அதற்கு முன் தூர்வார வேண்டும். எந்த வாய்க்கால் முதலில், எவ்வளவு தூரம், எவ்வளவு ஆழம்? முடிவு எங்கே நடக்கிறது? கடைமடை விவசாயிக்குத் தெரியும், எந்த மதகு அடைத்திருக்கிறது, எந்த வடிகாலில் ஆகாயத்தாமரை மண்டியிருக்கிறது என்று. மழைக்காலத்தில் ஊர் முழுகுவதற்குக் காரணமான அந்த ஒரு வடிகால் மதிப்பீட்டில் விட்டுப்போயிருக்கும். பொக்லைன் வந்து நிற்கும் நாளில் அதைச் சொல்லி என்ன பயன்? மதிப்பீடு எழுதும் பொறியாளர் மாசி மாதமே வந்து, பாசனக்காரர்களோடு கரை மேல் நடக்கட்டும். விவசாயிகளே தேர்ந்தெடுக்கும் பாசன சங்கங்களுக்கு 2000-ஆம் ஆண்டிலேயே சட்டம் போட்ட மாநிலம் இது.

கொள்முதல் நிலையமும் அப்படித்தான். 17 விழுக்காடு ஈரப்பதம் என்பது விதி. அறுவடை நேரத்தில் மழை பெய்தால் நெல் மூட்டை சாலையோரம் நனைகிறது. பிறகு மனுப் போட்டு, தில்லியிலிருந்து குழு வந்து பார்த்து, தளர்வு கொடுப்பதற்குள் நெல் முளைத்துவிடுகிறது. நிலையம் எந்த இடத்தில் வேண்டும், எந்த வாரம் திறக்க வேண்டும், தார்ப்பாய் எத்தனை வேண்டும் என்று நடவு முடிந்த மாதமே அந்தந்த ஊரில் கேட்டால் என்ன குறைந்துபோகும்?

ஊரைக் கேட்டோம் என்பார்கள். ஊரில் யாரைக் கேட்டீர்கள் என்று நாம் திருப்பிக் கேட்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்திருந்த நாலு பேரைக் கேட்டால் ஊரைக் கேட்டதாகுமா? நடவுக்குப் போன பெண் அங்கே இருந்தாளா? கீழத்தெருக்காரர் பேசினாரா, பின்னால் நின்று கேட்டுவிட்டுப் போனாரா? கூட்டம் வைத்த நேரத்தில் மீனவர் கடலில் இருந்தாரா? பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்று கல்வி உரிமைச் சட்டத்தை ஒட்டி விதி வந்தது. அதனால் எத்தனையோ தாய்மார்கள் முதல்முறையாகத் தலைமையாசிரியர் முன்னால் உட்கார்ந்து கழிப்பறையைப் பற்றியும் குடிதண்ணீரைப் பற்றியும் பேசினார்கள். இடம் ஒதுக்கினால் குரல் வரும். நம் ஆண்களுக்கும் ஒரு வார்த்தை: மனைவி உறுப்பினர், கணவன் கையெழுத்து என்ற பழக்கத்தை இன்றோடு விடுங்கள்.

அலையாத்திக் காட்டுக்குத் திரும்புகிறேன், அங்கே ஒரு வேலை பாக்கி இருக்கிறது. மீன்முள் வாய்க்கால் தானாக நிலைத்து நிற்காது. ஓதம் கொண்டுவரும் வண்டல் அதை அடைக்கும். அவ்வப்போது தூர் எடுக்காவிட்டால் பழையபடி நீர் தேங்கும், பழையபடி உப்பேறும். திட்டப் பணம் முடிந்ததும் குழுக்கள் தளர்வது எல்லா ஊரிலும் நடப்பதுதான். பணம் வரும்போது குழு, பணம் போனதும் பெயர்ப்பலகை என்றால் அந்தக் காடு நிற்காது. கஜாவில் ஒடிந்த பரப்பு இருக்கிறது. இறால் பண்ணைகளின் கழிவு நீர் எங்கே வடிகிறது என்ற கேள்வி இருக்கிறது. சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் ஐயா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரிலேயே உச்சநீதிமன்றம் இறால் பண்ணைகளைப் பற்றி அழுத்தமாகத் தீர்ப்புச் சொன்னது. காவிரியிலிருந்து வர வேண்டிய நன்னீர் எவ்வளவு குறைந்திருக்கிறது என்ற கேள்வியும் இருக்கிறது. இத்தனையையும் ஒரு வனத்துறை அலுவலகம் தனியாக யோசித்து முடிக்க முடியாது.

ஆகவே, வனத்துறைக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் என் வேண்டுகோள் இது. இந்தக் காட்டுக்கு அடுத்து எழுதப்போகும் வேலைத் திட்டத்தின் வரைவை, அது வரைவாக இருக்கும்போதே, தமிழில் அச்சிட்டு ஜாம்புவானோடை, தொண்டியக்காடு, கற்பகநாதர்குளம் போன்ற கரையோர ஊர்களில் படியுங்கள். மீனவர் கரையில் இருக்கும் நேரம் பார்த்துக் கூட்டுங்கள். பழைய குழுக்களில் இருந்த பெண்களைத் தேடிப்பிடித்துக் கூப்பிடுங்கள். வாய்க்கால் எங்கே தூர்ந்திருக்கிறது என்று அவர்கள் காட்டட்டும்.

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த கிராம சபைக்குக் கையை வீசிக்கொண்டு போகாதீர்கள். உங்கள் தெருவில் நடந்து முடிந்த வேலை ஒன்றின் மதிப்பீட்டு நகலைத் தகவல் சட்டத்தில் வாங்கிக்கொண்டு போங்கள். அதை எழுந்து நின்று படியுங்கள். இந்த வேலையை முடிவு செய்த தேதி என்ன, எங்களைக் கேட்ட தேதி என்ன என்று இரண்டு தேதிகளைக் கேளுங்கள். சொல்லும் பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, எழுதி முடித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.